அத்தியாயம் 5: முதலில் தண்ணீர், பிறகுதான் துணி

பரந்தன் சந்தியில் முல்லைத்தீவு வீதிக்குத் திரும்பி, பிறகு ஏதாவது ஒரு கிரவல் ஒழுங்கைக்குள் ஒரு கட்டை ஓடிப்போய், வீட்டு முற்றத்தில் காரை நிறுத்திப் பாருங்கள். ஆடி மாதமென்றால் பின்கண்ணாடியில் விரலால் பெயர் எழுதலாம். அந்தத் தூசியைக் கண்டதும் எங்கள் பக்கத்தில் அநேகமானோர் ஒரே வேலையைத்தான் செய்வார்கள். டிக்கிக்குள் கிடக்கும் பழைய சாறத் துண்டை எடுத்து, ஓர் உதறு உதறி, பொனற்றில் இருந்து துடைக்கத் தொடங்குவார்கள். இரண்டு நிமிடத்தில் கார் மினுங்கும். அந்த இரண்டு நிமிடம் காருக்குச் செய்யும் கெடுதலை ஒரு வருட வெயில்கூடச் செய்யாது.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். என் முதல் கார் கறுப்பு. தினமும் காலையில் வேலைக்குப் போகமுதல் அதை உலர்ந்த துணியால் துடைத்துவிடுவேன். எட்டு மாதம் கழித்து ஓர் இரவு எண்ணெய் நிரப்ப நின்றபோது, மேலே எரிந்த வெள்ளை விளக்கில் பொனற் முழுக்கச் சிலந்திவலை பின்னியதுபோல வட்ட வட்டமாகக் கோடுகள் தெரிந்தன. அருகில் நின்ற மாமா குனிந்து பார்த்தார். "தம்பி, நீ இவ்வளவு நாளும் காரைத் துடைக்கேல்லை. அரத்தால ராவியிருக்கிறாய்" என்றார். அவர் சொன்னது சரி.

எங்கள் தூசி வெறும் தூசி அல்ல. கிரவலிலும் மணலிலும் இருப்பது பெரும்பாலும் குவாட்ஸ் என்ற படிகக் கல்லின் துகள். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் குவாட்ஸ் 7இல் நிற்கிறது. சாதாரணக் கத்தி அலகு 5.5 அளவில் இருக்கும். கத்தியையே கீறக்கூடிய துகள் பெயின்ற்றை விடுமா? காரின் பெயின்ற் என்று நாம் சொல்வது பல படைகள். இரும்புத் தகட்டின்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். மினுக்கம் முழுவதும் அந்த மேற்படையில்தான் இருக்கிறது. அதன் தடிப்பு பல கார்களில் 40, 50 மைக்ரோன் அளவுதான், ஒரு தலைமயிரின் பருமனைவிடக் குறைவு. தூசியின்மேல் துணியை வைத்து அழுத்தும்போது, ஆயிரம் சின்னக் கற்களை அந்தப் படையின்மேல் உருட்டுகிறோம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. 2020 மார்ச்சில் நாட்டின் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு வழி மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடமும் பழைய வகன் ஆர், அல்ரோ, விற்ஸ் எல்லாம் கைமாறிக் கைமாறி ஓடின. இன்று வன்னியில் ஒரு குடும்பம் கார் வைத்திருக்கிறதென்றால், பலநேரம் அது வயல் விற்ற காசு, அல்லது வெளிநாட்டில் இருக்கும் சகோதரம் அனுப்பிய காசு. அதன் பெயின்ற்றைக் காப்பது ஆடம்பரமல்ல.

அப்படியென்றால் தினமும் படியும் தூசியை என்ன செய்வது? ஒன்றும் செய்யாதீர்கள். தூசியோடு ஓடும் கார் கெடாது, தூசியைத் தேய்த்த கார்தான் கெடும். அவசரத்துக்குக் கண்ணாடிகளை மட்டும் தண்ணீர் ஊற்றித் துடையுங்கள். மிச்சம் கிழமைக்கு ஒருமுறை முறையாகக் கழுவும் நாள்வரை அப்படியே இருக்கட்டும். தூசிக்குப் பயந்து கார் உறை போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கழுவாத காரின்மேல் உறையைப் போட்டு, சோளகம் அடிக்கும்போது முற்றத்தில் விட்டால், காற்றில் படபடக்கும் அந்த உறையே நாள் முழுக்கக் காரை உரஞ்சிக்கொண்டிருக்கும்.

கழுவும் நேரம் அதிகாலை. வைகாசியில் இருந்து புரட்டாதிவரை சோளகம் பகல் ஏற ஏறப் பலக்கும், விடியற்காலையில்தான் அடங்கியிருக்கும். ஆறு மணிக்குத் தொடங்கினால் வெயில் சுடமுதல் முடித்துவிடலாம். பொனற்றில் உள்ளங்கையை வையுங்கள். சூடு தெரிந்தால் தொடங்க வேண்டாம். சூடான தகட்டில் ஷம்பூவும் தண்ணீரும் நாம் துடைக்கமுதலே காய்ந்து கறையாகிவிடும். ஓடிவந்த காரென்றால் அரைமணி நேரம் ஆறவிடுங்கள். நிழல் வேண்டும் என்பதற்காக மாமரத்துக்கோ வேம்புக்கோ கீழே நிறுத்தாதீர்கள், கழுவக் கழுவப் பூவும் பிசினும் காகத்தின் எச்சமும் விழும். வீட்டுச் சுவரின் மேற்குப் பக்க நிழல் காலைக்குப் போதும்.

இடத்தைப் பற்றி ஒரு வேண்டுகோள். உழவு இயந்திரத்தை ஓட்டிக்கொண்டுபோய் வாய்க்காலுக்குள் இறக்கிக் கழுவுவது எங்கள் ஊர்களில் பழக்கம். இரணைமடு வாய்க்காலிலும், வவுனிக்குளத்திலும், முத்தையன்கட்டிலும் அதே தண்ணீரில் ஆட்கள் குளிக்கிறார்கள், மாடு குடிக்கிறது, நெல் விளைகிறது. எண்ணெயும் கிறீசும் அதற்குள் போகக்கூடாது. வாய்க்கால் தண்ணீரில் மிதக்கும் வண்டலும் காருக்கு நல்லதல்ல. முற்றத்திலேயே கழுவுங்கள். கிணற்றுக் கட்டில் இருந்து நன்றாகத் தள்ளி, சவர்க்காரத் தண்ணீர் கிணற்றுப் பக்கம் ஓடாத சரிவில் காரை நிறுத்துங்கள்.

சாமான்கள் அதிகமில்லை. இரண்டு வாளி, மூன்று நான்கு மைக்ரோபைபர் துணி, ஒரு பழைய பிரஷ், கார் ஷம்பூ ஒரு போத்தல். ஸ்பொஞ் வேண்டாம், அது மணலைத் தன் துவாரங்களுக்குள் பிடித்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பத் தேய்க்கும். மைக்ரோபைபர் கிடைக்காவிட்டால், பலமுறை தோய்த்து நைந்த பருத்திச் சாறம் உதவும். தைத்த விளிம்பை வெட்டி எறிந்துவிடுங்கள், அந்தத் தையல் கீறும்.

துணி தோய்க்கும் சவர்க்காரத்தையும் சலவைத் தூளையும் காருக்குப் பாவிக்காதீர்கள். அவை காரத்தன்மை உள்ளவை, மெழுகுப் பூச்சைக் கழுவி எடுத்துவிடும், இறப்பர் விளிம்புகளை நாளடைவில் வெளிற வைக்கும். கட்டிச் சவர்க்காரத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் கூட. அது சவர்க்காரத்தோடு சேர்ந்து நுரைக்குப் பதிலாக வெள்ளைப் பிசுக்காகத் திரளும், தலை முழுகும்போது எல்லாரும் கண்டிருப்பீர்கள். கார் ஷம்பூ வாங்க வசதியில்லாவிட்டால், குழந்தைகளுக்கான தலை ஷம்பூ ஒரு மேசைக்கரண்டியை ஒரு வாளி தண்ணீரில் கலந்து கழுவலாம். அது மென்மையானது.

இரண்டு வாளி எதற்கு என்று கேட்பார்கள். ஒன்றில் ஷம்பூத் தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். துணியை ஷம்பூவில் நனைத்து ஒரு பகுதியைக் கழுவியதும், நேரே ஷம்பூ வாளிக்குள் திரும்பப் போடக்கூடாது. வெறும் தண்ணீரில் அலசி, மணலை அங்கே உதிர்த்துவிட்டு, பிறகுதான் ஷம்பூவுக்குள். வெளிநாடுகளில் மணல் மேலே கிளம்பாமல் இருக்க வாளியின் அடியில் வைக்கும் ஒரு தட்டு விற்கிறார்கள். நான் சோறு வடிக்கும் பிளாஸ்ரிக் வடிதட்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன், அது அதே வேலையைச் செய்கிறது. கழுவி முடிந்தபின் அந்த அலசும் வாளியின் அடியைப் பாருங்கள். முதல்நாள் அங்கே படிந்திருக்கும் சிவப்பு மண்ணைக் கண்டவர் அதன்பிறகு ஒற்றை வாளியால் கழுவமாட்டார்.

இனி வேலை. முதலில் தண்ணீர் மட்டும். கை எதுவும் படாமல், கூரையில் இருந்து கீழே, தண்ணீர் தானே ஓடி மண்ணைக் கொண்டுபோகும்படி ஊற்ற வேண்டும். மோட்டர் போட்டுக் குழாயால் அடிப்பதென்றால் வாயைப் பெருவிரலால் அரைவாசி பொத்தினால் போதும். குழாய் இல்லாதவர்கள் வாளியும் கோப்பையுமாக ஊற்றலாம். ஒரு சுற்று முடிந்ததும் ஐந்து நிமிடம் விட்டுவிட்டு மறுபடி ஒரு சுற்று. காய்ந்து இறுகிய கிரவல் மண் ஊறுவதற்கு அந்த ஐந்து நிமிடம் வேண்டும். பிரஷர் மெஷின் இருந்தால் ஓரடிக்குக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள், பெயின்ற் கொப்பளித்த இடத்தில் அதைப் பிடிக்கவே கூடாது.

பிறகு ரயரும் ரிம்மும். உடம்பைக் கழுவமுதல் இவற்றைக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் ரயரில் இருந்து தெறிக்கும் ஊத்தை கழுவிய கதவில் படும். ரிம்மில் படிவது வெறும் மண்ணல்ல, பிரேக் தேயும்போது வரும் இரும்புத் தூளும் கலந்தது. அதனால் ரிம்முக்குப் பாவித்த துணி ஒருநாளும் பொனற்றுக்கு வரக்கூடாது. எங்கள் வீட்டில் அந்தத் துணிக்கு ஒரு மூலையில் முடிச்சுப் போட்டிருக்கிறோம். மட்கார்ட்டின் உள்பக்கத்தை மறக்க வேண்டாம். ஐப்பசி மழை தொடங்கியதும் ஒழுங்கைச் சேறு அங்கே கட்டி கட்டியாக ஏறி, மாசிவரை ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். கதவின் அடிவிளிம்பும் மட்கார்ட்டும் முதலில் துருப்பிடிப்பதற்கு அந்தச் சேறுதான் காரணம். கையை விட்டுத் தடவிப் பார்த்து, பிரஷால் தள்ளி எடுங்கள்.

இப்போதுதான் துணி. கூரை, கண்ணாடிகள், பொனற், டிக்கி, கதவுகளின் மேல்பாதி, கடைசியாகக் கதவுகளின் கீழ்ப்பாதியும் பம்பரும் என்ற வரிசை. மேலே மண் குறைவு, கீழே அதிகம் என்பதால்தான் இந்த ஒழுங்கு. வட்டமாகத் தேய்க்காமல், கார் ஓடும் திசையிலேயே நேராக இழுங்கள். அழுத்தவே வேண்டாம். துணியின் சொந்தப் பாரம் போதும். ஒரு பகுதி முடிந்ததும் அதற்கு உடனே தண்ணீர் ஊற்றிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். முழுக்காருக்கும் நுரை பூசிவிட்டுக் கடைசியில் ஊற்றலாம் என்று நினைத்தால், பின் டிக்கிக்குப் போய்ச் சேரமுதல் கூரை காய்ந்துவிடும்.

தேய்த்தும் போகாத கறைகள் வரும். அவசரப்படாமல் ஒவ்வொன்றுக்கும் அதனதன் வைத்தியத்தைச் செய்ய வேண்டும். பறவை எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது, வெயிலில் ஒரு பகல் கிடந்தாலே கிளியர் கோட்டை அரித்து வட்டமாகத் தடம் விட்டுவிடும். அதை மட்டும் கழுவும் நாள்வரை விடக்கூடாது. ஈரத் துணியை அதன்மேல் பத்து நிமிடம் போட்டு ஊறவைத்து, வழித்து எடுக்காமல் மேல்நோக்கித் தூக்கி எடுங்கள். மழை விட்ட இரவில் ஏ9 வீதியால் வவுனியாவில் இருந்து வந்தால் முன்பம்பர் முழுக்க ஈசல் ஒட்டியிருக்கும். அதற்கும் இதே ஊறவைப்புத்தான். வீதி போடும் இடத்தால் வந்து தார் தெறித்திருந்தால், துணியில் சில துளி தேங்காய் எண்ணெய் விட்டு மெதுவாகத் தடவுங்கள். இறுகிய தாருக்கு மண்ணெண்ணெய் கொஞ்சம் பாவிக்கலாம், ஆனால் உடனே ஷம்பூவால் அந்த இடத்தைக் கழுவிவிட வேண்டும்.

முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் ஏ9 வீதியில் போகிறவர்கள் குறைவு. புதுக்காருக்கும் ஆயுத பூசை நாளிலும் பொனற்றில் சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம். வைக்கத்தான் வேண்டும். ஆனால் குங்குமச் சாயம் வெள்ளைப் பெயின்ற்றில் ஊறும், சந்தனம் காய்ந்தால் தூளாகி உரஞ்சும். அன்று பின்னேரமே தண்ணீர் ஊற்றிக் கரைத்துவிடுங்கள். மாலையைக் கம்பியால் கட்டாமல் நூலால் கட்டச் சொல்லுங்கள்.

மயிலையும் சொல்லவேண்டும். காட்டோரக் காணிகளில் ஆண் மயில் காரின் மினுக்கத்தில் தன் உருவத்தைக் கண்டு, வேறு மயில் என்று நினைத்துக் கொத்தும். கழுவிப் பளபளப்பாக்கிய காருக்குத்தான் அந்த ஆபத்து கூட. பக்கக் கண்ணாடிகளுக்குப் பழைய துணிப்பை மாட்டுங்கள். கதவுப் பக்கத்தைச் சுவரோடு அணைத்து நிறுத்துங்கள்.

கழுவுவதைவிடக் கடினமான பகுதி காய வைப்பது. எங்கள் வீட்டுக் கேத்தலின் உள்ளே வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கல்சியமும் மகனீசியமும்தான் காரின்மேல் விட்ட ஒவ்வொரு துளியிலும் இருக்கிறது. தண்ணீர் ஆவியாகும், கல் மிஞ்சும். அந்த வெள்ளைப் புள்ளிகள் ஓரிரு நாளில் துடைத்தாலே போகும், ஒரு மாதம் வெயிலில் சுட்டபிறகு பெயின்ற்றோடு ஒட்டிவிடும். வன்னியில் வீட்டில் கழுவிய கறுப்புக் கார்கள் பலவும் சாம்பல் பூத்துத் தெரிவதற்கு இது பெரிய காரணம். ஆகவே கழுவி முடிந்த காரை வெயிலில் காயவிடாதீர்கள், ஓட்டிக் காற்றில் காயவைக்கவும் வேண்டாம். பெரிய உலர்ந்த மைக்ரோபைபர் துணியை விரித்துப் போட்டு, ஒற்றி எடுங்கள். கதவு இடுக்கு, கண்ணாடி விளிம்பு, நம்பர் பிளேற்றின் பின்பக்கம் எல்லாவற்றிலும் தண்ணீர் ஒளிந்திருந்து பிறகு வழியும், ஐந்து நிமிடம் கழித்து அவற்றை இன்னொருமுறை ஒற்றுங்கள்.

கடைசி அலசலுக்கு மட்டும் மென்னீர் கிடைத்தால் பாதிச் சிரமம் போய்விடும். மாரியில் கூரைத் தண்ணீரைப் பரலில் பிடித்து மூடி வைத்தால் அதைவிட நல்ல தண்ணீர் காருக்கு இல்லை. முதல் மழைத் தண்ணீரைப் பிடிக்காதீர்கள், அது கூரைத் தூசியோடு வரும். கோடையில் ஐந்து லீற்றர் ஆர்.ஓ. தண்ணீரைக் கூரையில் இருந்து மெல்ல ஊற்றினால் புள்ளி வராது. ஆனால் குடிதண்ணீருக்கு வரிசையில் நிற்கும் ஊரில் அதைச் செய்ய எனக்கு மனம் வராது, உங்களுக்கும் வராது என்று நம்புகிறேன். அங்கே ஒற்றி எடுப்பதே போதும். ஏற்கெனவே விழுந்த புள்ளிகளுக்கு வினாகிரியும் தண்ணீரும் சம அளவில் கலந்து, துணியில் நனைத்து ஒரு நிமிடம் வைத்து, உடனே நன்றாகக் கழுவிவிடுங்கள். வெயிலில் இதைச் செய்யாதீர்கள்.

தண்ணீர்ச் செலவையும் பார்க்கவேண்டும். ஆவணி, புரட்டாதியில் கிணறு அடியில் நிற்கும்போது குழாயைத் திறந்துவிட்டுக் கழுவுவது சரியல்ல. வாளியால் கழுவினால் ஒரு சிறிய காருக்கு ஐந்தாறு வாளி போதும். முதல் ஊற்றலை ஷம்பூ இல்லாமல் செய்வதால், அந்தத் தண்ணீர் பாயும் இடத்தில் ஒரு தென்னை நிற்கட்டும்.

முல்லைத்தீவு, அலம்பில், கொக்கிளாய்க் கரைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. உப்புக் காற்று இரும்பை என்ன செய்யும் என்பதை 2009க்குப் பிறகு முள்ளிவாய்க்கால் மணலில் வாகனங்கள் துருப்பிடித்துக் கிடந்த கோலத்தைக் கண்ட எவருக்கும் விளக்கத் தேவையில்லை. கடலோரத்தில் கிழமைக்கு ஒருமுறையாவது காரின் அடிப்பாகத்துக்கு நல்ல தண்ணீர் அடியுங்கள். சவர்த் தண்ணீரால் அடிப்பதில் பயனில்லை. அடிப்பாகத்துக்குப் பழைய எஞ்சின் ஒயில் பூசும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அது இறப்பர்களை ஊதவைக்கும், தூசியைப் பிடித்துச் சேர்க்கும், மழையில் வழிந்து மண்ணுக்குள் போகும். ரயர் கறுப்பாகத் தெரிய அதே ஒயிலைப் பூசுகிறவர்களுக்கும் இதுதான் பதில்.

கழுவிக் காய்ந்த காரின்மேல் மெல்லிய பிளாஸ்ரிக் பை ஒன்றைக் கையில் போட்டுத் தடவுங்கள். மணல் தாள்போலச் சொரசொரத்தால், தண்ணீரால் போகாத அழுக்கு ஒட்டியிருக்கிறது. அதற்குக் களிக்கட்டி விற்கிறார்கள். ஷம்பூத் தண்ணீரால் நன்றாக நனைத்து, வழுக்கும்படி, அழுத்தாமல் உருட்ட வேண்டும். கட்டி நிலத்தில் விழுந்தால் எவ்வளவு விலையானாலும் எறிந்துவிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, மாரி முடிந்து தை மாசியில் செய்தால் போதும். அதன்பின் மெழுகு. விரலளவு எடுத்து மெல்லியதாகப் பூசி, காய்ந்து மங்கலானதும் சுத்தத் துணியால் துடையுங்கள். தடித்துப் பூசினால் மினுக்கம் கூடாது, துடைக்கும் வேலைதான் கூடும். கறுப்புப் பிளாஸ்ரிக் பகுதிகளில் படாமல் பாருங்கள், வெள்ளையாகப் படியும். எங்கள் வெயிலில் மெழுகு இரண்டு மூன்று மாதம் நிற்கும். தண்ணீர் முத்து முத்தாக உருளாமல் படர்ந்து நின்றால், மறுபடி பூசும் காலம் வந்துவிட்டது.

கோடுகளை அழிக்கக் கட்டிங் பேஸ்ட்டை நீங்களே வாங்கித் தேய்க்காதீர்கள். அது கோட்டை நிரப்புவதில்லை, சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்து இறக்குகிறது. இறக்கியதைத் திரும்ப ஏற்ற வழியில்லை. மெஷின் பாவிக்கத் தெரிந்த கைகாரர் ஒருவரிடம் ஒருமுறை கொடுத்துச் செய்வியுங்கள். என் கறுப்புக் காரில் அப்படிச் செய்தும், பொனற்றின் இடப்பக்கத்தில் ஆழமாக விழுந்த நான்கு கோடுகள் விற்கும் நாள்வரை போகவில்லை.

வேலை முடிந்ததும் துணிகளை அன்றே தோய்த்து, வேலியில் போடாமல் வீட்டுக்குள் கொடியில் காயவிட்டு, பையில் போட்டுக் கட்டி வையுங்கள். வேலியில் காய்ந்த துணியில் முள்ளும் மணலும் ஏறியிருக்கும். டிக்கிக்குள் கிடக்கும் அந்தப் பழைய சாறத் துண்டை இன்றைக்கே எடுத்து ரிம் துடைக்க ஒதுக்கிவிடுங்கள்.